எந்த மீட்டிங், சார்?

சென்ற மாதம் ஒரு நண்பர் தொலைபேசியில் அழைத்தார். அரைமணி நேரம் எதையெதையோ பேசிவிட்டு, வைப்பதற்குச் சற்று முன்பு, தம் மைத்துனருக்காக என்று சொல்லி, குடியை விட நினைப்பவர்களுக்கான கூட்டம் நம் ஊரில் எங்கே நடக்கிறது என்று கேட்டார். பள்ளிக்கூடத்தின் பெயர், கிழமை, நேரம் மூன்றையும் சொன்னேன். வாசலில் போர்டு ஏதும் இருக்குமா என்றார். இருக்காது என்றேன். "அப்புறம் எப்படிங்க கண்டுபிடிக்கிறது?" என்று அவர் கேட்டதற்கு, வழக்கமாகச் சொல்லும் பதிலைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். கேள்வி மட்டும் போகவில்லை. எங்கள் குழுவில் அந்தக் கேள்வியை ஏழு ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருப்பவன் நான். இன்னொருவர் வாயிலிருந்து கேட்டபோது, இத்தனை ஆண்டுகளில் எனக்கும் ஒழுங்கான பதில் கிடைக்கவில்லை என்பது உறைத்தது.

திருச்சியில் டாஸ்மாக் கடைக்கு யாரும் யாரிடமும் வழி கேட்பதில்லை. பேருந்தைவிட்டு இறங்கியதும் கால் தானாகத் திரும்பும். குடியை விடுவதற்கு உட்காரும் அறையைத்தான் துப்பறிந்து கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. இதில் ஏதோ தலைகீழாக இருக்கிறது என்று எனக்கு அன்றும் தோன்றியது, இன்றும் தோன்றுகிறது.

நான் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவன். பிழை பார்ப்பது பிழைப்பு. என் பெயரை இங்கே எழுதவில்லை. அச்சிலும் வானொலியிலும் திரையிலும் உறுப்பினர்கள் தங்களை அடையாளம் காட்டிக்கொள்வதில்லை என்பது, குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) அமைப்பின் மரபு. பள்ளியின் பெயரையும் அதே காரணத்துக்காக விட்டுவிடுகிறேன். பாலக்கரைப் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஒரு மண்டலம்

நான் குடிநோயாளி இல்லை என்பதற்கு என்னிடம் ஒன்பது ஆண்டுச் சான்று இருந்தது. ஒவ்வொரு கார்த்திகை முதல் தேதியும் மாலை போடுவேன். நாற்பத்தெட்டு நாள் கறுப்பு வேட்டி, வெறுங்கால், விடிவதற்கு முன் பச்சைத் தண்ணீர்க் குளியல். ஒரு சொட்டு தொட மாட்டேன். நோயாளியாக இருந்தால் இப்படி நிறுத்த முடியுமா என்று யாரைக் கேட்டாலும் முடியாது என்றுதான் சொன்னார்கள். என் மனைவியும் அப்படித்தான் நம்பினாள். "மனசு வச்சா விட்டுடலாம், நீங்க வைக்க மாட்டேங்கறீங்க" என்பது எங்கள் வீட்டில் தினசரி பாடம். நாற்பத்தொன்பதாம் நாளைப் பற்றி மட்டும் யாரும் கேட்கவில்லை. மாலையைக் கழற்றிய அன்றைக்குச் சாயங்காலமே எங்கே இருப்பேன் என்பது எனக்கு முப்பதாம் நாளிலேயே தெரியும். மற்ற சாமிகள் மலைக்கு எத்தனை நாள் என்று எண்ணியபோது, நான் இறங்கி வருவதற்கு எத்தனை நாள் என்று எண்ணினேன்.

கடைசி மூன்று நான்கு ஆண்டுகளில் அளவு மாறியது. குடித்தால் கை நடுங்கும் என்பார்கள். எனக்குக் குடிக்காவிட்டால் நடுங்கியது. மெய்ப்பில் 'நீக்கு' என்று போடும் சுழி ஒன்று உண்டு, சிறிய வளையமும் ஒரு வாலும். காலை பத்து மணிக்கு நான் போடும் வளையம் மூடாமல் நிற்கும், வால் அடுத்த வரியில் போய்க் கிடக்கும். பக்கம் கட்டும் பையன், நீக்கச் சொன்னது எந்தச் சொல்லை என்று வந்து கேட்பான். ஒரு கட்டிங் உள்ளே போனால் வளையம் மூடிவிடும். 2016இல் கடை திறக்கும் நேரத்தைப் பகல் பன்னிரண்டுக்குத் தள்ளிவைத்தபோது, என் போன்றவர்கள் செய்த ஒரே மாற்றம் முந்தின இரவே காலைக்கும் சேர்த்து வாங்கிவைத்ததுதான்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. அடுத்த நாள் கார்த்திகை ஒன்று. புயல் கழிந்த அந்த வெள்ளிக்கிழமை இரவு, 'கடைசி நாள்' என்று பெயர் வைத்து வழக்கத்தைவிட அதிகமாகக் குடித்தேன். சனிக்கிழமை காலை மாலை போட்டேன். ஞாயிறு விடியலில் கிணற்றடியில் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது வரைதான் நினைவிருக்கிறது. வலிப்பு வந்து துவைக்கிற கல்லில் மண்டை அடித்து விழுந்திருக்கிறேன். அரசு மருத்துவமனையில் ஸ்கேனுக்குக் கொண்டுபோகும்முன் என் மனைவி மாலையைக் கழற்றித் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். பத்து நாளும் அது அங்கேதான் இருந்தது.

வார்டு மருத்துவர் இளம்பெண். அவர் சொன்னதை அப்படியே எழுதிவைப்பது என் கடமை என்று நினைக்கிறேன். தினமும் நிறையக் குடிப்பவரின் மூளை, மது இருப்பதையே இயல்புநிலையாக எடுத்துக்கொண்டு வேலை செய்யப் பழகியிருக்கும். அதைத் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நான்காம் நாளில் இல்லாத பூச்சிகள் உடலில் ஊர்வதுபோலத் தோன்றும், ஆள் அடையாளம் தெரியாது, காய்ச்சலும் படபடப்பும் ஏறி உயிரும் போகலாம். அதனால் சத்தியம் செய்தோ கோயிலில் கயிறு கட்டியோ ஒரே நாளில் நிறுத்துவது எல்லோருக்கும் பொருந்தாது. மருத்துவர் கண்காணிப்பில், படிப்படியாகக் குறைக்கும் மாத்திரையோடும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியோடும் நிறுத்த வேண்டிய உடம்புகள் உண்டு. என்னுடையது அப்படி ஆகிவிட்டிருந்தது. முந்தைய ஆண்டுகளில் தப்பித்ததை மன உறுதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு அனுப்பும் நாளன்று அவர் மருந்துச் சீட்டின் பின்புறம் பள்ளியின் பெயரை எழுதி, 'வியாழன் 7' என்று போட்டுக் கொடுத்தார். "மாத்திரை உடம்புக்குத்தான். மத்ததுக்கு இங்க போங்க" என்றார். மத்தது என்ன என்று நான் கேட்கவில்லை.

பைபிள் கிளாஸ்

டிசம்பர் 6, வியாழன். இரண்டு நிறுத்தம் முன்பே இறங்கி நடந்தேன். பழைய கிறித்தவப் பள்ளி. மூன்று கட்டடங்கள், பக்கத்தில் தேவாலயம், அங்கங்கே விளக்கு எரிந்தது. வாசலைக் கடந்து தெருமுனை வரை போனேன். திரும்பி வந்தேன். எதிர்க் கடையில் டீ வாங்கி, அது ஆறும்வரை கையிலேயே வைத்திருந்தேன். மறுபடி கடந்தேன். மூன்றாம் முறை வாட்ச்மேன் என்னைப் பார்ப்பதை நான் பார்த்துவிட்டதால் நின்றாக வேண்டியிருந்தது. அறுபது வயதிருக்கும். தலையில் மஃப்ளர், பிளாஸ்டிக் நாற்காலி, மடியில் சின்ன ரேடியோ.

"இங்க மீட்டிங் எங்க நடக்குது?" என்றேன்.

"எந்த மீட்டிங், சார்?"

இவ்வளவு எளிய கேள்வியை அதற்குமுன் யாரும் என்னிடம் கேட்டதில்லை. சொல்லுக்குப் பஞ்சமில்லாத தொழில் என்னுடையது. குடிகாரர் கூட்டம் என்று சொல்லலாம். அதைச் சொல்லிவிட்டு அந்த ஆளின் முகத்தைப் பார்க்க வேண்டும். குடிநோயாளிகள் கூட்டம் என்று சொல்லலாம். அந்தச் சொல்லை அச்சில் நூறு முறை திருத்தியிருக்கிறேன், வாயால் ஒருமுறையும் சொன்னதில்லை. குடிமகன் என்ற சொல்லைக் கேலியாக்கிப் பத்திரிகைகள் போடும் துணுக்கை நானே ரசித்துத் திருத்தாமல் விட்டிருக்கிறேன். மூன்று நான்கு நொடிகள்தான் போயிருக்கும். தெருவில் ஒரு ஷேர் ஆட்டோ நின்று ஆள் இறக்கிவிட்டுப் போனது. தேவாலயத்தைப் பார்த்தேன், வாய் தானாகச் சொல்லிற்று: "பைபிள் கிளாஸ்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் நெற்றியில் திருநீறு இருந்தது. "இடது பக்கம், முதல் ரூம்" என்று கை காட்டினார்.

போய் உட்கார்ந்தேன். பதினோரு பேர், பெரும்பாலும் பெண்கள். பக்கத்திலிருந்த அம்மா தம் புத்தகத்தை எனக்கும் தெரியும்படி நகர்த்தி வைத்தார். கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி நடந்தது, உதட்டை அசைத்தேன். புதிதாக வந்திருக்கும் சகோதரருக்காக ஒரு நிமிடம் ஜெபித்தார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. டீயும் வடையும் கொடுத்தார்கள். எட்டு மணிக்கு வெளியே வந்தபோது, வலப்பக்க மாடியிலிருந்து ஆண்கள் பலர் சேர்ந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. ஆசிரியர்கள் யாருக்கோ பிரிவுபசாரம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கேட்டைத் தாண்டினேன். கடை மூட இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்பார்கள்; என் பேச்சு விடியும்வரைகூட நிற்கவில்லை.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மறுநாள் மனைவியிடம் சொன்னேன். அந்த வாரம் முழுவதும் குடித்தேன். அடுத்த வியாழன் மாலை சட்டையை எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டு அவள் சொன்னாள்: "ஏங்க, அந்த பைபிள் கிளாஸுக்காவது போயிட்டு வாங்க. அங்க இருக்கற ஒரு மணி நேரம் குடிக்காம இருக்கீங்கல்ல." கோபமாகச் சொல்லவில்லை. கேலியாகவும் இல்லை. அவள் கணக்குப் பார்த்துச் சொன்னாள்.

கேட்டருகே போனதும் வாட்ச்மேன் எழுந்து நின்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

"போன வாரம் நீங்க சொன்னீங்களேன்னு அந்தப் பக்கம் அனுப்பிட்டேன் சார். உங்க ரூம் மாடியில. வலது கைப் படி. செருப்பை மேல போய் விடுங்க, கீழ விட்டா நாய் தூக்கிட்டுப் போயிடும்."

உங்க ரூம் என்றார். பத்து ஆண்டுகளாக ஏலக்காயும் ஹால்ஸும் மென்று, பேருந்தில் சன்னலோரமாக முகத்தை வைத்துக்கொண்டு, வீட்டில் கொல்லை வழியாக நுழைந்து நான் காப்பாற்றி வந்த ரகசியம், முன்பின் தெரியாத ஒருவரிடம் ஒரே வாரத்தில் இருந்தது. அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு என் செருப்பைப் பற்றிக் கவலைப்பட்டார். எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது என்னவோ, நாள் முழுக்கச் சுமந்த மூட்டையைத் தலையிலிருந்து யாரோ கைகொடுத்து இறக்கியதுபோல ஒன்று. படியேறிவிட்டேன்.

பல மாதங்கள் கழித்து அவரிடம் கேட்டேன், எப்படித் தெரிந்தது என்று. அவர் பாட்டுக்கு ரேடியோவைத் திருகிக்கொண்டே சொன்னார்: "நேரா வந்தா பைபிள். மூணு தடவை கேட்டைத் தாண்டிப் போனா மாடி."

ஏழாம் வகுப்பு, பி பிரிவு

அது ஒரு வகுப்பறை. பிள்ளைகளுக்கான பெஞ்சில் உட்கார்ந்தால் முழங்கால் மேசையில் இடிக்கும். கரும்பலகையில் அன்றைய முக்கோணம் அழிக்கப்படாமல் இருந்தது. அதன் இருபுறமும் ஆணியில் இரண்டு துணிப்பதாகைகள், ஒன்றில் குடியிலிருந்து மீள்வதற்கான பன்னிரண்டு படிகள், மற்றொன்றில் குழுக்கள் நடப்பதற்கான பன்னிரண்டு மரபுகள். கூட்டம் முடிந்ததும் சுருட்டிக் கட்டைப்பையில் வைத்துவிடுவார்கள், மறுநாள் காலை அறை ஒன்றும் அறியாததுபோல இருக்கும். ஒருவர் ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டு வந்தார். எல்லோருக்கும் நிறைய ஊற்றியவர் எனக்கு மட்டும் அரை டம்ளர் ஊற்றினார். கஞ்சத்தனம் என்று நினைத்தேன். டம்ளரைத் தூக்கியபோது, அந்த அரை டம்ளரே விளிம்புவரை ஏறி ஏறி இறங்கியது.

நடைமுறை எளிது. மாற்ற முடியாததை ஏற்கும் அமைதியை வேண்டும் சிறு பிரார்த்தனை. பிறகு ஒவ்வொருவராகப் பெயரைச் சொல்லி, நான் ஒரு குடிநோயாளி என்று சொல்லித் தொடங்குவார்கள். மற்றவர்கள் பெயர் சொல்லி வணக்கம் சொல்வார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவதில்லை, முடித்த பின்னும் புத்தி சொல்வதில்லை. கட்டணம் இல்லை, ஒரு துணிப்பை சுற்றி வரும், விருப்பப்பட்டதைப் போடலாம். வெளியார் நன்கொடையை வாங்குவதில்லை. உறுப்பினராக ஒரே தகுதி, குடியை நிறுத்தும் விருப்பம். அன்றைக்கு ஒரு பெரியவர், தாம் குவார்ட்டர் பாட்டிலைக் கழிவறைத் தண்ணீர்த் தொட்டியில் ஒளித்து வைத்ததையும், மகன் பிளம்பரைக் கூட்டி வந்ததையும் சொன்னார். அறையே சிரித்தது. என் பாட்டில் அப்போது அச்சகத்தில், பழைய பஞ்சாங்க மெய்ப்புக் கட்டுக்கு நடுவே இருந்தது. போன வாரம் கீழே கேட்ட சிரிப்பு இதுதான் என்று அப்போது புரிந்தது.

கள்ளுண்ணாமை அதிகாரத்தின் கடைசி இரண்டு குறள்களையும் எத்தனையோ நூல்களில் ஒற்றுப்பிழை பார்த்திருக்கிறேன். குடித்தவனுக்குக் காரணம் காட்டித் திருத்துவது, நீருக்குள் மூழ்கியவனைத் தீவட்டி கொண்டு தேடுவதுபோல என்கிறது ஒன்று. என் வீட்டார் பத்து ஆண்டு பிடித்த தீவட்டி அது. தான் குடிக்காத பொழுதில் குடித்த இன்னொருவனைப் பார்க்கும்போது தன் சோர்வை அவன் நினைக்க மாட்டானா என்று கேட்கிறது மற்றது. அந்த அறையில் அந்தக் கேள்விதான் நடந்துகொண்டிருந்தது. குடிக்காமல் உட்கார்ந்திருந்த நாங்கள், இன்னொருவர் சொல்லில் எங்களையே குடித்த நிலையில் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எனக்கு அங்கே பிடிக்காதவையும் உண்டு. கடவுள் என்ற சொல் அடிக்கடி வருகிறது. அவரவர் உணர்ந்த வகையில் என்று சேர்த்துச் சொல்கிறார்கள், இருந்தாலும் வருகிறது. எங்கள் குழுவில் பெரியார் தொண்டர் ஒருவர் இருக்கிறார். தம்மைவிட மேலான சக்தி இந்தப் பெஞ்சில் இருக்கும் இருபது பேர்தான், அதற்குமேல் தம்மிடம் எதிர்பார்க்கக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டுப் பல ஆண்டுகளாகக் குடிக்காமல் இருக்கிறார். இன்னொன்று, வெளி விவகாரங்களில் கருத்துச் சொல்வதில்லை என்ற மரபு. புதிதாக வந்த லாரி உரிமையாளர் ஒருவர், தெருவுக்குத் தெரு கடையைத் திறந்துவைத்த அரசை ஏச ஆரம்பித்தார். நடத்துபவர் மெதுவாக, உங்கள் குடியைப் பற்றிப் பேசுங்கள் என்றார். மதுவிலக்கு வேண்டுமா என்று அந்த அறையிடம் கேட்டால் பதில் வராது. 1937இல் ராஜாஜி சேலத்தில் தொடங்கியதும், 1971இல் கருணாநிதி விலக்கியதும், 2003இல் அரசே சில்லறை வியாபாரத்தைக் கையில் எடுத்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. அறைக்குள் வராத கதை. எனக்கு இது கோழைத்தனமாகப் பட்டது. லாரிக்காரர் கடைசியில் தம் குடியைப் பற்றிப் பேசி முடித்தபோது, அந்த ஏச்சில் அவர் எவ்வளவு நேரம் ஒளிந்திருக்க முடிந்திருக்கும் என்றும் பட்டது. இரண்டும் சேர்ந்தே என்னிடம் இருக்கின்றன.

நான் உடனே திருந்திவிடவில்லை. 2019 பொங்கலில், திருவள்ளுவர் தினத்துக்குக் கடை மூடியிருக்கும் என்று முந்தின நாளே வாங்கிவைத்துக் குடித்தேன். பிப்ரவரியில் இன்னொரு முறை. கடைசிக் குடி அதுதான். மருத்துவம் படிக்கும் என் அக்காள் மகன், 2020இல் வெளிவந்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் ஒரு கோக்ரேன் மதிப்பாய்வைப் படித்துக் காட்டினான்: 27 ஆய்வுகள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், பன்னிரண்டு படி வழியில் ஈடுபடுத்தப்பட்டவர்களில் ஓராண்டு முழுக்கக் குடிக்காதிருந்தோர் 42 விழுக்காடு, மற்ற முறைகளில் 35. "பார்த்தீங்களா மாமா" என்றான். பார்த்தேன். மீதி 58 பேரில் இருவரின் சாவுக்கு நான் மாலை கொண்டுபோயிருக்கிறேன்.

போர்டு

குழுவின் நிர்வாகக் கூட்டத்தில் போர்டு விஷயத்தை நான் எடுத்தபோது, குடியை விட்டு எனக்கு ஒன்பது மாதம் ஆகியிருந்தது. எல்லாம் தெரியும் என்று தோன்றும் பருவம். பேருந்தின் முதுகிலும் சுவரிலும், 'அவருக்குத் தெரியாமலேயே குடியை நிறுத்தலாம்' என்று பொடி விற்பவர்கள் கூசாமல் விளம்பரம் செய்கிறார்கள், நாம் மட்டும் ஏன் ஒளிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டேன். அந்தப் பொடியில் ஒன்றை என் மனைவி மூன்று மாதம் ரசத்தில் கலந்து கொடுத்திருக்கிறாள். நான் மாடிக்குப் போகத் தொடங்கிய பிறகு, குடும்பத்தினருக்கான அல்-அனான் கூட்டத்தில் அதைச் சொல்லி அழுதாள். என்னிடம் அதற்குப் பிறகுதான் சொன்னாள். பொடியில் என்ன இருந்ததோ. மதுவோடு சேர்ந்தால் உடம்பைத் தாக்கும் டைசல்ஃபிரம் போன்ற மருந்தைக் கலந்திருந்தால், அன்றைக்கு நான் குடித்த குடிக்கு ரத்த அழுத்தம் சரிந்து அன்றே முடிந்திருக்கலாம். நோயாளிக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு, மருத்துவர் மட்டுமே கொடுக்க வேண்டிய மருந்து அது. பொடிக்காரருக்குப் போர்டு உண்டு, எங்களுக்கு இல்லை. என் வாதம் அவ்வளவுதான்.

எதிர்த்தவர் பொன்மலைப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணன், எனக்கு வழிகாட்டியாக இருப்பவர். போர்டுக்குக் கீழே நுழைபவனை ஊரே பார்க்கும், பெண்ணுக்கு வரன் பார்க்கிற வீட்டுக்காரன் அந்தப் படியில் கால் வைப்பானா என்றார். நான் ஆக்ரன் கதையை எடுத்தேன். 1935 மே மாதம், அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், வியாபாரம் கைநழுவி, ஓட்டல் முன்கூடத்தில் தனியே நின்ற பில் வில்சன், குடியை விட்டிருந்தவர், பின்னர் ஏ.ஏ.வை நிறுவிய இருவரில் ஒருவர், ஒரு பக்கம் மதுக்கூடத்தின் சத்தத்தைக் கேட்டபடியே, மறுபக்கம் தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்துப் போன் செய்தார். பேச ஒரு குடிநோயாளி வேண்டும் என்று கேட்டார். அங்கே அந்தப் பட்டியல் கண்ணில் படும்படி மாட்டியிருந்ததால்தானே இந்த அமைப்பே பிறந்தது என்றேன். அண்ணன் யோசித்தார். பட்டியலில் இருந்த பாதிரியார் கொடுத்த பெயர்கள் வழியாகப் போய்க் கடைசியில் கிடைத்தவர் குடியே அறியாத ஒரு பெண், அவர்தான் மறுநாள் மாலை ஐந்து மணிக்குக் குடிநோயாளியான டாக்டர் பாபை, நிறுவியவர்களில் மற்றவரை, தம் வீட்டுக்கு வரவழைத்தார், கால்மணி நேரம் என்று சொல்லி வந்தவர் இரவு பதினொன்றைத் தாண்டித்தான் போனார் என்று மீதிக் கதையைச் சொன்னார். "அந்தம்மா எங்க குடியிருந்தாங்க, தெரியுமா தம்பி? ஒரு பெரிய பங்களாவோட கேட் வீட்டுல."

வாக்கெடுப்பில் நான் தோற்றேன். அண்ணன் சொன்னதில் பாதி சரி என்று ஒப்புக்கொள்கிறேன். மறுபாதியை ஒப்புக்கொள்ளவில்லை, ஏனென்றால் என் வாட்ச்மேனைப்போல ஓர் ஆள் வாய்க்காமல், கேட்வரை வந்து திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர் என்று எங்கள் நோட்டில் இல்லை.

இப்போது வழிகள் கூடியிருப்பதும் உண்மை. ஏ.ஏ. இந்தியாவின் இணையதளத்தில் கூட்டங்களின் பட்டியல் கிடைக்கிறது. கொடுத்திருக்கும் எண்ணில் அழைத்தால் உறுப்பினர் ஒருவர் எடுப்பார். மனச்சோர்வும் சேர்ந்திருந்தால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 இருக்கிறது. 2020இல் ஊரடங்கு வந்து பள்ளி பூட்டப்பட்டபோது ஜூம் கூட்டங்கள் தொடங்கின. மார்ச் கடைசியிலிருந்து மூடியிருந்த கடைகளை மே 7 அன்று திறந்த நாளில் மட்டும், ஒரே இரவில் மூன்று கூட்டங்கள் வைத்தோம். கேமராவை அணைத்துக்கொண்டு, பெயருக்குப் பதில் ஒரு புள்ளி வைத்து உட்கார்ந்து கேட்பவர்களுக்கு அது நேரில் வருவதைவிட எளிது. ஆனால் பட்டியல்களை நம்பி நேரே வராமல், ஒருமுறை போன் செய்துவிட்டு வருவது நல்லது. பொதுத்தேர்வுக் காலத்தில் எங்களைக் கட்டடம் மாற்றிவிடுவார்கள். அதைப் பட்டியலில் ஏற்ற யாருக்கும் நினைவிருக்காது. குடும்பத்தாரோடு வருவதானால், அன்றைய கூட்டம் எல்லோருக்கும் திறந்ததா, குடிநோயாளிகளுக்கு மட்டுமானதா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

2022இல் அந்த வாட்ச்மேன் வேலையை விட்டுத் துறையூர்ப் பக்கம் தம் மகளோடு போய்விட்டார். ஏஜென்சி ஆள் ஒருவர் வந்தார். சீருடை, கூண்டு, கயிற்றில் கட்டிய பேனா, ஒரு பதிவேடு. பெயர், கைப்பேசி எண், வந்த நோக்கம் என்று மூன்று பத்திகள். பெயர் தெரியாமல் இருப்பதையே அடித்தளமாகக் கொண்ட அமைப்பின் உறுப்பினர்கள் வாரந்தோறும் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டோம். நோக்கம் என்ற பத்தியில் பெரியார் தொண்டர் 'சமூகப்பணி' என்று எழுதுவார். நான் 'மெய்ப்பு' என்று எழுதிவிட்டுப் போவேன். இரண்டு மாதம் புதிதாக ஒருவரும் வரவில்லை. தலைமையாசிரியரிடம் பேசி எங்களுக்கு விலக்கு வாங்கினோம். அதோடு, ஆறரை மணியிலிருந்து எங்களில் ஒருவர் முறைவைத்து வாசலில் நிற்பது என்று முடிவு செய்தோம். இந்தத் தீர்மானத்தை எதிர்த்து வாக்களிக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

மாதத்தின் முதல் வியாழன் என் முறை. மஃப்ளர் கட்டிக்கொள்கிறேன், ரேடியோ மட்டும் இல்லை. இந்த மாதம் ஒருவர் டி.வி.எஸ். மொபெட்டில் மூன்று முறை கேட்டைத் தாண்டிப் போனார். நான்காம் முறை ஓரமாக நிறுத்தி, உள்ளே எட்டிப் பார்த்தார். அருகில் போய், வலது கைப் படி, மாடி, செருப்பை மேலே விடலாம் என்று மெதுவாகச் சொன்னேன். அவர் என்னை முறைத்தார். "பொண்ணு டியூஷன் விட்டு வரணும் சார். எட்டு மணின்னாங்க, இன்னும் விடல. எதுக்கு மாடிக்குப் போகச் சொல்றீங்க?" மன்னிப்புக் கேட்டேன். அவர் மொபெட்டை இன்னும் பத்தடி தள்ளி நிறுத்திக்கொண்டார்.

நண்பரின் மைத்துனர் இதுவரை மாடிக்கு வரவில்லை. வாசலில் நான் நிற்கும்போதே என்னைத் தாண்டி நேராக நடந்து, பைபிள் கிளாஸில் போய் உட்கார்ந்திருக்கவும் கூடும்.